நடும் நாள்

மே மாதக் கடைசியில், உறைபனி பயம் தீர்ந்து, ஊரே கல்லறைகளில் பூ வைக்கும் நினைவு நாளுக்குப் பிறகுதான் தக்காளி நட வேண்டும் என்பது என் கணவர் ஆர்லன் போட்ட சட்டம். நாற்பது வருஷம் அடங்கிப் போனேன். இந்த மார்ச்சில் அவரைப் புதைத்தோம். மே மாதம் பிறந்ததுமே ஆறு நாற்று நட்டேன்.

மறுநாள் காலை உறைபனி. ஆறு நாற்றின் மேலும், பனி படாதபடி, ஆர்லன் சேர்த்து வைத்திருந்த பழைய காபி டப்பாக்கள் கவிழ்ந்திருந்தன.

வேலிக்கு அப்பாலிருந்து டெல்மா எட்டிப் பார்த்தாள். "பரவாயில்லையே லவோன், மறக்காம மூடி வச்சிட்டியே!"

"நானா மூடினேன்? செத்தும் அடங்கல அந்த மனுஷன்."

டப்பாக்களின் மேல் காரை ஏற்றி நசுக்கினேன். அடுத்த நாள், ஒடுக்கு எடுத்த அதே டப்பாக்கள் டயர் தடத்தோடு செடிகளின் மேல் இருந்தன.

நினைவு நாளன்று பூவுக்குப் பதிலாக ஒரு நாற்றைக் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் நட்டேன். "காவல் காக்கணும்னா இதைக் காத்துக்கய்யா. என்னோடதைத் தொடாதே."

விடிந்ததும் என் தோட்டத்தில் ஒரு டப்பாகூட இல்லை. கல்லறைக்குப் போனேன். நாற்றின் மேல் ஒன்று கவிழ்ந்திருந்தது. பக்கத்தில், எனக்கென்று வாங்கி வைத்திருந்த வெற்று இடத்தில், மற்ற ஐந்தும் வரிசையாக இருந்தன.

ஐந்தையும் எட்டி உதைத்தேன்.

"என்னை எப்ப நடணும்ங்கிறதையாவது நீ சொல்லாதேய்யா."