மாந்தோப்பில் சிவப்புக் கொடி

"பெரியவரே, நீங்க கெஞ்சினீங்கன்னுதான் இந்தத் தடவை பசங்களையும் கூட்டிட்டு வரலாம்னு சொன்னேன். சத்தம் வந்துதுன்னா அடுத்த முகாமுக்கு ஒரு குழந்தை கிடையாது" என்றார் பிக்கு.

"வராது சாமி. நான் கார்டா இருந்த வண்டியில இஞ்சினே என்னைக் கேட்டுகினுதான் கூவும்" என்றார் பக்தவச்சலம்.

தாம்பரத்தில் ரயில்வே கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பல்லாவரத்தில் விசில் ஊதினால் பெருங்களத்தூரில் தூங்குகிற நாய் எழுந்து நிற்கும் என்பார்கள். என்பார்கள் என்றால், அவர்தான் சொல்வார்.

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு மாந்தோப்பில் நடக்கும் அந்தப் பௌத்த தியான முகாமுக்கு அவர்தான் மேற்பார்வை. குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று வாசலோடு திரும்பிப் போன அம்மாக்களைப் பார்த்து மனசு கேட்காமல்தான் பிக்குவிடம் கெஞ்சினார். மௌன முகாமில் விசில் ஊத முடியாது. அதனால் பழைய கொடிகளை எடுத்து வந்திருந்தார். பச்சை ஆடினால் சாப்பாடு. சிவப்பு ஆடினால் வாயைத் திறக்கக் கூடாது.

சேலையூரிலிருந்து வந்த கேசவன் குடும்பத்தைப் பார்த்ததும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கேசவனுக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை, மனைவி கனகவல்லி டீச்சர். இரண்டுமே வாயால் பிழைக்கிற உத்தியோகம். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே இருவரும் மௌனம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட இல்லை.

"மத்தவங்களுக்கு நாக்கு அடங்க அரை நாள் ஆவும் சாமி. இவங்க வூட்லயே பழுத்து வந்துகீறாங்க" என்று பிக்குவிடம் பெருமைப்பட்டார்.

வினை பிள்ளைகளால் வந்தது. ஆண்கள் தோப்பின் ஒரு பக்கம், பெண்கள் மறு பக்கம். கேசவனின் பத்து வயது மகள் சாமுண்டீஸ்வரியும் அவள் தம்பியும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தார்கள். கேசவன் தோளைத் தடவினால் போதும்.

"அம்மா, அப்பாவுக்குத் துண்டு வேணுமாம்."

கனகவல்லி பை இருந்த திசையில் மோவாயை அசைப்பாள்.

"அப்பா, பைக்கு அடியில இருக்காம். வச்சவங்கதான் எடுத்துக்கணுமாம்."

ஒரு மோவாய் அசைவில் இத்தனை சேதி எப்படி வந்தது என்று பக்தவச்சலத்துக்குப் புரியவில்லை. பிள்ளைகளை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னா பாப்பா இது? அப்பா அம்மா எவ்ளோ அமைதியா கீறாங்க, நீங்க ரெண்டு பேரும் தந்தி சேவகன் மாதிரி ஓடிகினு கீறீங்க. இனிமே நடுவுல போவக் கூடாது."

"நாங்க போகலைன்னா?"

"ஒண்ணியும் ஆவாது. அவங்களே பாத்துக்குவாங்க."

"நெஜமாவா தாத்தா?" என்றாள் சாமுண்டீஸ்வரி, தம்பியைப் பார்த்துக்கொண்டு.

மறுநாள் விடிகாலைத் தியானத்தில் இரண்டு சின்னப் பாய்கள் காலி. கனகவல்லி கண்ணைத் திறந்தவள் எழுந்து கிணற்றடிக்கு ஓடினாள். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டிருந்தது. அப்படியும் எட்டிப் பார்த்தாள். அங்கிருந்து நேரே ஆண்கள் பக்கம் வந்து கேசவன் முன்னால் நின்றாள்.

"பசங்க எங்க?"

கேசவன் திடுக்கிட்டு எழுந்தான். "உன்கிட்டதானே இருந்தாங்க?"

"என்கிட்டயா? உங்களுக்கு என்னதான் தெரியும்? உங்க தங்கச்சி வந்தப்பவும் இப்படித்தான்..."

"இப்ப அவளை எதுக்கு இழுக்கற?"

"இழுக்காம?"

பேசிக்கொண்டே தேடினார்கள். தேடிக்கொண்டே பேசினார்கள். பக்தவச்சலம் கை கடுக்கச் சிவப்புக் கொடியை ஆட்டினார். அவர் சர்வீஸில் சிவப்பைத் தாண்டிப் போன முதல் வண்டி அதுதான்.

"முள்ளு கிடக்கு, செருப்பைப் போட்டுக்க."

"நீங்க முதல்ல கண்ணாடியைப் போடுங்க, மரத்துல முட்டிக்கப் போறீங்க."

மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரண்டு தலைகள் தெரிந்தன. பக்தவச்சலம் பாய்ந்து போனார்.

"இங்கியா கீறீங்க? எவ்ளோ அமைதியான மனுசங்க, உங்களால சண்டை போட்டுகினு கீறாங்க. இனி எந்தக் குழந்தையும் இந்தத் தோப்புல கால் வைக்க முடியாது. கேசவன் சார், இதோ..."

சாமுண்டீஸ்வரி எம்பி அவர் வாயைப் பொத்தினாள்.

"உஷ்! சத்தம் போடாதீங்க தாத்தா. தீபாவளிக்கு அப்புறம் இன்னிக்குதான் ரெண்டு பேரும் பேசிக்கறாங்க."

பக்தவச்சலம் சிவப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சத்தம் கேட்டு வந்துகொண்டிருந்த பிக்குவை நோக்கிப் பச்சையை ஆட்டினார். பிக்கு ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, முகாம் மொத்தத்தையும் திருப்பி அழைத்துக்கொண்டு, இன்னும் அடுப்பில்கூட ஏற்றாத கஞ்சியைக் குடிக்கப் போனார்.