சண்டையில்லாத வீடு

வீட்டில் யாராவது கோபப்பட்டால் சிவக்கும் வாசல் மனநிலை விளக்கு மாதக்கணக்காகப் பச்சையாகவே எரிந்தது. சண்டையே இல்லாத வீடு என்று தெருவே மெச்சியது. பூங்கோதைக்குத்தான் அது சரியாகப் படவில்லை. ரசத்தில் புளி தூக்கலென்று தினமும் வம்பிழுக்கும் கணவன் செழியன், இப்போதெல்லாம் எதைப் போட்டாலும் பேசாமல் விழுங்கிவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“விளக்கு என்ன வேணா சொல்லட்டுங்க. எனக்கு உங்களைத் தெரியாதா?” என்று அவனை மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். முதல் நாள் அவன் வெறுமனே அழுதுவிட்டுத் திரும்பினான். அப்புறம் வாராவாரம் அவனே கிளம்பினான்.

இன்று முதல் கவளத்திலேயே முகம் சுளித்தான். “ஏனம்மிணி, இது ரசமா, புளித்தண்ணியா?”

“வேணும்னா நீங்களே வெச்சுக் குடிங்க!”

வாசல் விளக்கு சிவந்தது. எதிர்வீட்டு அக்கா பதறி ஓடிவந்தார். “என்ன கண்ணு, சண்டையா?”

“ஆமாங்க்கா, சண்டையேதான்!” என்றாள் பூங்கோதை, கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டே.