தாரகையின் கடைவாய்ப் பல்

தாரகை என்ற குதிரை கொள்ளுப் பயறை வாயில் போட்டு, பாதி மென்றதும் கீழே துப்பிவிடும். பக்கத்துக் கொட்டிலில் இருந்த மொட்டையன் என்ற கழுதை, "ரொம்பத்தான் கிராக்கி பண்ணிக்கிறே!" என்று சிரிக்கும். மெல்லும்போதெல்லாம் கன்னத்துக்குள் சுரீரென்று வலிப்பது தாரகைக்கு மட்டும்தான் தெரியும். இளைத்து இளைத்து அதற்கு விலா எலும்பு தெரிந்தது. வண்டிக்காரர் காசிம் அதை விற்றுவிடப் பார்த்தார்.

கால்நடை டாக்டர் அமுதவல்லி வந்து பார்த்தார். முன்பற்கள் நன்றாகத்தான் இருந்தன. "உள்ளே என்னவோ இருக்கு பாய். என்னன்னு எனக்குத் தெரியல. படிச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் விக்காதீங்க, தவிட்டைக் கரைச்சுக் குடுங்க" என்றார்.

குதிரைப் பல் வைத்தியத்தில் மேற்பயிற்சி முடித்துத் திரும்பி வந்தவர், மயக்க ஊசி போட்டு, விளக்கடித்துக் கடைவாய்வரை பார்த்தார். கத்திபோல் வளர்ந்திருந்த பல் கன்னத்தைக் கிழித்திருந்தது. நீண்ட அரத்தால் அதை ராவி வழவழப்பாக்கினார்.

புண் ஆறியதும் தாரகை கண்ணை மூடிக்கொண்டு ஆசைதீரப் புல் மென்றது. டாக்டரைப் பற்றியே ஓயாமல் பேசியது.

"முதல் தடவை ஒண்ணுமே தெரியாம நின்னவங்கதானே?" என்றது மொட்டையன்.

"பல்லெல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருந்தா, நான் இப்ப எங்கே இருப்பேன்?" என்றது தாரகை.

அடுத்த முறை டாக்டர் வந்தபோது தாரகை அவர் தோளில் முகத்தைச் சாய்த்து நின்றது. அதன் பின்னால், யாரும் கூப்பிடாமலே, மொட்டையன் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.