பென்சில் மட்டும் மிச்சம்

"ஒரு மாசம் ஆயில் பெயின்ட், ஒரு மாசம் கரித்துண்டு, அப்புறம் பாஸ்டல் கலர் சாக். எதுலயாவது உருப்படியா நிக்கிறியா நீ?"

அலமாரியைத் திறந்த கணவர், தொண்டையைச் செருமிக்கொண்டு பொரிந்து தள்ளினார்.

"பிடிக்கல, விட்டுட்டேன்," என்றாள் மனைவி, பென்சிலைச் சீவியபடி.

டப்பாக்களை எல்லாம் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு அவர் நேரே ஓவியப் பொருள் கடைக்குப் போனார்.

"இங்க பாருங்க, என் வீட்டம்மா வந்தா இனிமே புதுசு புதுசா எதையும் தலையில கட்டாதீங்க. இதையெல்லாம் திருப்பி..."

முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தார்.

கடைக்காரர் தண்ணீரை நீட்டினார். "ஓ, அந்த இருமல் நீங்கதானா?"

"எந்த இருமல்?"

"ஆயில் பெயின்ட் வாசனைக்கு அவருக்கு இழுக்குதுன்னு அம்மா வந்தாங்க. கரித்துண்டு குடுத்தேன். தூள் பறந்து இருமுறாருன்னாங்க. பாஸ்டலும் அதே கதைதான். வாசனையும் தூளும் இல்லாம எதுல வரையலாம்னு போன வாரம் கேட்டாங்க. பென்சில் ஒண்ணுதான் மிச்சம்."

அவர் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவளுக்கு எது பிடிச்சிருந்துது?"

"ஆயில் பெயின்ட்தான் சார். அதை விடும்போது அழாத குறை."

பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துத் திறந்தார். "இதுல நீலமும் வெள்ளையும் தீர்ந்திருக்கு. புதுசா குடுங்க."

"அப்ப இருமல், சார்?"

"பெரிய ஜன்னல் இருக்கிற ரூம்ல நான்தான் கட்டிலைப் போட்டிருக்கேன். அங்க அவ வரையட்டும், இருமலை ஹாலுக்கு மாத்திக்கிறேன்."