வேட்டைக்கு ஏற்ற ஆள்

தங்கத்துரையும் இராஜரட்ணமும் தம்பிமுத்துவும் புலம்பெயர்ந்து வந்த பார்க்டேலில் ஒரே அறை, ஒரே தொழிற்சாலை. எண்பத்தாறில் காட்டுக்கோழி வேட்டைக்காலம் தொடங்கிய அன்று முதலாளி தன் நாயையும் இராஜரட்ணத்தையும் மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

"நானில்லாட்டி மனுசனுக்கு வேட்டையே இல்லை!" என்று கோழிக்கறி பரிமாறினான் இராஜரட்ணம். தங்கத்துரைக்கு வயிறு எரிந்தது.

மறுவருடம் அவன் முதலாளியைச் சுற்றிச் சுற்றி வந்து அந்த இடத்தைப் பிடித்துவிட்டான். இராஜரட்ணம் தானாகவே தன் நீளச் சப்பாத்தையும் கொடுத்தான்.

வயலோரம் முதலாளி துவக்கைத் தூக்கினார். நாய் காரைவிட்டு இறங்கவில்லை.

"அதற்கு வயதாகிவிட்டது," என்று முட்பற்றையைக் காட்டினார். "நீ உள்ளே ஓடிக் கோழியைக் கிளப்பு!"

மாலையில் தம்பிமுத்து பொறாமையோடு கேட்டான்: "எப்பிடியண்ணை வேட்டை?"

கையில் ஏறிய முள்ளை மறைத்துக்கொண்டு தங்கத்துரை நிமிர்ந்தான்.

"நானில்லாட்டி மனுசனுக்கு வேட்டையே இல்லையடா!"