பாதி பிரீமியம்

வந்தவர் டிரம்மின் மூடியைத் திருகித் திறந்து, உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"என்ன இது, வாசனையே இல்ல?"

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "தண்ணியில கரைக்கிற பாலிஷ் சார். தின்னர் டிரம்மையெல்லாம் ஒழிச்சுக்கட்டி ஆறு மாசம் ஆச்சு. நெருப்பைக் காட்டினாலும் பிடிக்காது. வேணும்னா ஒரு குச்சியைக் கிழிச்சுப் பாருங்க!"

"வேண்டாம்மா," என்றார் அவர். குரலில் சுரத்தே இல்லை.

மேசை, நாற்காலி செய்யும் மரப்பட்டறை அது. வார விடுமுறை என்பதால் ஆட்கள் யாரும் இல்லை. அவளையும் காலையிலேயே, "தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன், பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்று புருஷன் விரட்டாத குறையாக அனுப்பி வைத்திருந்தான். போன இடத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. அலுத்துக்கொண்டே திரும்பி வந்தால், பட்டறைக்குள் புருஷனும் இந்த ஆளும்!

"இன்சூரன்ஸ் சாரா? சோதனை பண்ண அடுத்த வாரம்தான் வருவீங்கன்னாங்க!" என்று அவள்தான் ஓடிப்போய் வரவேற்றாள். புருஷன் எச்சிலை விழுங்கினான். "ஆமா, முன்னாடியே வந்துட்டார்" என்றான்.

அப்போதிருந்து அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு வருஷமாகவே பட்டறை தள்ளாடிக்கொண்டிருந்தது. பெரிய தொகைக்கு எடுத்த பாலிசி, அதற்குக் கட்டும் பிரீமியமே ஆளை விழுங்கியது. மரத்தூள், தின்னர், அரதப்பழசான ஒயர் என்று எல்லாம் ஆபத்தாம், அதனால்தான் அவ்வளவாம். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாதபடி எல்லாவற்றையும் மாற்றினால் ஆபத்தும் குறையும், பிரீமியமும் பாதியாகும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

புருஷன் எதையும் கண்டுகொள்ளவில்லை. அவள்தான் ஒண்டியாக அலைந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். இந்த மனுஷன் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பட்டறை பிழைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் மாசக் கடைசியில் இழுத்து மூடவேண்டியதுதான்.

"மரத்தூளை எங்க குவிச்சு வைப்பீங்க?"

"குவிக்கறதா? மெஷின்லயே குழாய் வெச்சு உறிஞ்சி மூட்டை கட்டிடறோம் சார். காளான் வளர்க்கிறவர் அன்னன்னிக்கே தூக்கிட்டுப் போயிடுவார், அதுவும் காசு குடுத்துட்டு! தரையைத் தடவிப் பாருங்களேன்."

குனிந்து தடவினார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுத் தூள் ஒட்டவில்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டாமோ? உதட்டைப் பிதுக்கினார்!

"ஒயரிங் பழசுதானே?"

"எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுப் புதுசா மாத்தியாச்சு. கூரை மேல சோலார், உள்ள பூரா எல்.இ.டி. கரண்ட் பில் முன்ன வந்ததுல பாதிகூட வர்றதில்ல. என்னங்க, நீங்களும் வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

புருஷன் தூணோடு தூணாக நின்றான். நெற்றியெல்லாம் வேர்வை. சொல்லவேண்டிய நேரத்தில் வாயில் கொழுக்கட்டையா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"மேல ஓடற குழாய் எதுக்கு?"

"மழைத்தண்ணித் தொட்டியிலிருந்து வருது சார். கொஞ்சம் சூடு ஏறினாப் போதும், தானாத் திறந்து தண்ணியைக் கொட்டிடும்."

வந்தவர் நீளமாக மூச்சு விட்டார். "ராத்திரியில யாராவது இங்க படுக்கறது உண்டா?"

"ஒருத்தரும் இல்ல சார்."

அந்த ஒரு பதிலுக்குத்தான் தலையை ஆட்டினார். கையில் பேனா இல்லை, பேப்பர் இல்லை. எதையும் எழுதிக்கொள்ளவும் இல்லை. தேறாத கேஸ் என்று முன்னாலேயே முடிவு கட்டிக்கொண்டு வந்தவரோ?

காட்டுவதற்கு அவளிடம் இனி எதுவும் பாக்கியில்லை. காட்டக் காட்ட அவர் முகம் தொங்கிக்கொண்டே போனதுதான் மிச்சம். எங்கே தப்புச் செய்தோம் என்றே அவளுக்குப் புரியவில்லை.

"சார், இதுக்கு மேல நான் என்னதான் பண்ணணும்? சொல்லுங்க, பண்றேன். எட்டுக் குடும்பம் இதை நம்பி இருக்கு சார்."

அவர் அவளைப் பாவமாகப் பார்த்தார். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. பண்ணினதே போதும்."

ஒரு டீயாவது கொடுத்துப் பார்ப்போம், மனசு இளகினாலும் இளகும் என்று ஆபீஸ் அறைக்கு ஓடினாள். அவசரத்தில் சர்க்கரை பாதி கீழே சிந்தியது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு கதவருகே வந்தபோது வெளியே இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். புருஷன் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அடப் பாவமே, இந்த மனுஷனுக்கும் பட்டறை மேல் இவ்வளவு பாசமா! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே நின்றாள்.

வந்தவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டார்.

"அண்ணே, இதைக் கொளுத்த என்னால ஆகாது, வேற ஆளைப் பாருங்க."