ஒரே தட்டு

கோரமண்டல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் கூரை ஓட்டை வழியே மதிய வெயில் நின்றுபோன ஆக்சிஜன் மெஷின்மேல் விழுகிறது. சுரங்கத்தூசி தின்ற நுரையீரலோடு சாமுவேல் கட்டிலில் மூச்சுக்குத் திணறுகிறார். அவசரத்துக்கு வைத்த சின்ன சிலிண்டரின் முள் சிவப்பைத் தொடுகிறது. மெஷின் கம்பெனி போனில் மூன்றாவது ஆளும் பேர், விலாசம் கேட்கிறான். "இன்னா சார், திரும்பவும் மொதல்லேர்ந்தா?" என்கிறாள் அவர் மனைவி ஜெயமேரி. அவன் லைனை மாற்றிவிடுகிறான். இப்போது ஒரு பெண் குரல்: "நீங்க சொன்னதெல்லாம் எங்கிட்ட இருக்கும்மா. எதுவும் சொல்ல வேணாம். வேற மெஷினோட ஆளை அனுப்பிட்டேன். அவர் வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்." ஜெயமேரிக்கு அது காதில் ஏறவில்லை. "வூட்டுக்காரர் பேரு சாமுவேலுங்க, வூடு கோரமண்டல்ல..." என்று மறுபடி ஆரம்பிக்கிறாள். சாமுவேல் மோதிர விரலால் கட்டில் கம்பியில் ஒரே தட்டு தட்டுகிறார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜில் ஒரு மணி அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். இந்த வீட்டிலும் அப்படித்தான். அவள் நிறுத்துகிறாள். போனில் அந்தப் பெண் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.